ஹெட்செட் மைக்கில் சடசட ஒலி: பாடநூல் ஒலிப்பதிவு கெடுகிறது, வழி சொல்லுங்கள்

வாசிப்புமேசை | வெள்ளி, மாலை 6.20

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து, ஒலிப்பதிவு செய்து அனுப்பி வருகிறேன். அண்மைக் காலமாகப் பதிவில் ஒரு கரகரப்பு கலந்து வருகிறது. ஒரு பத்தி முழுக்கச் சுத்தமாக இருக்கும். அடுத்த பத்தியின் நடுவில், காய்ந்த ஓலையை மிதித்தாற்போல் சடசடவென்று வெடிக்கும். அடியில் மெல்லிய கீச்சொலி ஒன்றும் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

கணினி, உதிரிகளை வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி. விண்டோஸ் 10. ஹெட்செட்டில் ஒரே பிளக்தான் இருக்கிறது. அதில் மூன்று கறுப்பு வளையங்கள் உள்ளன. கடையில் இரட்டைப் பிரிப்பான் ஒன்று கொடுத்தார்கள். அதன் வழியாகக் கேபினெட்டின் முன்பக்கத்தில் உள்ள பச்சை, இளஞ்சிவப்புத் துளைகளில் செருகியிருக்கிறேன். பதிவு செய்வது ஆடாசிட்டியில். ஒலி டிரைவரை நீக்கி மறுபடி நிறுவிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. கடைக்காரர் புது ஹெட்செட் வாங்கச் சொல்கிறார். தேர்வு நெருங்குகிறது, மாணவர்கள் காத்திருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்த பிறகு செலவு செய்யலாம் என்பது என் எண்ணம்.


நிலாமுற்றம் | வெள்ளி, மாலை 6.55

விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள் அம்மா. எனக்கு இதுபோல் ஒரு முறை வந்தபோது அப்படித்தான் சரியானது.


செம்புக்கம்பி | வெள்ளி, இரவு 7.30

அவசரம் வேண்டாம். விண்டோஸை அழிப்பது கடைசிப் படி. அதற்குள் ஒரு முழு நாள் போய்விடும், பதிவுகள் தொலையும் அபாயமும் இருக்கிறது. பழுது பார்ப்பதே என் தொழில். என்னிடம் வரும் ஹெட்செட்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு கம்பியில்தான் இருக்கும், மென்பொருளில் இருக்காது.

அம்மா, முதலில் செலவில்லாத ஒரு சோதனை. உங்கள் வீட்டில் வட்டத் துளை உள்ள கைப்பேசி ஏதாவது இருக்கிறதா? பழையதாக இருந்தாலும் போதும். ஹெட்செட்டைப் பிரிப்பான் இல்லாமல் நேராக அதில் செருகி, கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பத்து நிமிடம் வாசியுங்கள். வாசிக்கும்போது வழக்கம்போல் தலையைத் திருப்புங்கள், பக்கத்தைப் புரட்டுங்கள். கைப்பேசியிலும் சடசடப்பு வந்தால் கோளாறு ஹெட்செட்டுக்குள் இருக்கிறது. வராவிட்டால் கணினியையோ பிரிப்பானையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். கோளாறு திரும்ப வந்தால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.


காதுவழி | வெள்ளி, இரவு 9.10

வணக்கம் அம்மா. நான் முதுகலை வரலாறு படிக்கிறேன், பார்வையில்லாதவன். உங்களைப் போன்றோர் வாசித்து அனுப்பும் பதிவுகளை நம்பித்தான் தேர்வு எழுதுகிறேன். நாங்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்போம். நீங்கள் கேட்கும்போது நிமிடத்துக்கு நான்கு முறை வரும் சடசடப்பு எங்களுக்கு எட்டு முறை வரும். ஆண்டு எண்ணுக்கு நடுவில் வந்தால் 1857 என்று கேட்டதா 1867 என்று கேட்டதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு நிமிடப் பதிவைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே இங்கே ஏற்ற முடியுமா? அதில் முதல் இருபது விநாடி பேசாமல் இருங்கள். அடுத்த இருபது விநாடி வாசியுங்கள். கடைசி இருபது விநாடி பேசாமல் மவுஸை மட்டும் உருட்டுங்கள்.


வாசிப்புமேசை | சனி, காலை 8.05

தம்பி, நீங்கள் சொன்னபடியே பதிந்து ஏற்றியிருக்கிறேன். கைப்பேசிச் சோதனையும் முடிந்தது. மகளின் பழைய கைப்பேசியில் வட்டத் துளை இருந்தது. அதிலும் சடசடப்பு வருகிறது. ஆனால் அடியில் ஓடும் கீச்சொலி அதில் அறவே இல்லை.


காதுவழி | சனி, காலை 9.40

கேட்டேன். உங்கள் பதிவில் இரண்டு தனித்தனி ஒலிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தேடினால் வழி தவறும்.

முதலாவது கீச்சொலி. பேசாத இருபது விநாடியில் ஒரே சீராக இருக்கிறது. மவுஸை உருட்டியவுடன் அதன் சுருதி ஏறி இறங்குகிறது. மவுஸை நிறுத்தினால் பழைய இடத்துக்கு வருகிறது. அதாவது கணினிக்குள் நடக்கும் வேலை மைக்கின் வழியில் கசிகிறது. கைப்பேசியில் இல்லாததும் இதனால்தான்.

இரண்டாவது சடசடப்பு. அதற்கு ஒழுங்கே இல்லை. வாசிக்கும் பகுதியில் மூன்று இடங்களில் வருகிறது, மூன்று இடத்திலும் உங்கள் குரல் கொஞ்சம் விலகிக் கேட்கிறது. தலையைத் திருப்பியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இது கைப்பேசியிலும் வந்ததால் கம்பியில் இருக்கும் கோளாறுதான் என்பது என் ஊகம்.


அலைவரிசை | சனி, காலை 11.15

தம்பியின் காது சரியாகத்தான் சொல்கிறது. நான் அந்தக் கோப்பின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றிய பழக்கத்தில் சில அடையாளங்களைச் சொல்கிறேன், இந்த இழையைத் தேடி வரும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

அலையின் உச்சி கத்தியால் சீவியதைப் போல் தட்டையாக இருந்தால், ஒலி அளவு மீறுகிறது என்று பொருள். உரத்த அசைகளில் மட்டும் கரகரக்கும். அப்போது விண்டோஸின் ஒலி அமைப்பில் மைக்ரோபோன் பூஸ்ட் எவ்வளவு என்று பாருங்கள். 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 30 டெசிபல் என்றால் ஏறத்தாழ முப்பத்தொரு மடங்கு. குரல் பெருகும் அதே அளவுக்கு இரைச்சலும் பெருகும். வாசிக்கும்போது உச்சம் கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும்.

அலை நடுவில் அறுந்து, ஒரு துண்டு காணாமல் போய்த் தொடர்ந்தால், மென்பொருளிலோ யூஎஸ்பி வழியிலோ தரவு தவறுகிறது. விண்டோஸ் ஒலியை வழக்கமாக 10 மில்லி விநாடித் துண்டுகளாகக் கையாள்கிறது. 48,000 ஹெர்ட்ஸ் பதிவில், அதாவது விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்தெடுக்கும் பதிவில், அது 480 மாதிரிகள். காணாமல் போன துண்டின் நீளம் இந்த அளவையோ அதன் மடங்கையோ ஒட்டியிருந்தால் ஹெட்செட்டின் மேல் பழியில்லை.

ஒரே வடிவம் 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், வீட்டு மின்சாரம்.

அம்மாவின் கோப்பில் சடசடப்பு வரும் இடங்களில் அலை திடீரென்று மேலும் கீழும் முழு உயரத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்களுக்கு இடையே எந்த ஒழுங்கும் இல்லை. தொடர்பு விட்டு விட்டுச் சேரும் கம்பி இப்படித்தான் காட்டும்.

கீச்சொலிக்கு மருந்து எளிது. முன்பக்கத் துளைகளிலிருந்து தாய்ப்பலகை வரை ஒரு மெல்லிய கம்பி கேபினெட்டுக்குள் ஓடுகிறது. பல கேபினெட்களில் அதற்கு முறையான உலோகக் கவசம் இருப்பதில்லை. வரைகலை அட்டையின் பக்கத்திலும் யூஎஸ்பி கம்பிகளோடும் உரசிக்கொண்டு போகும். மைக் தரும் மின்னழுத்தமோ சில மில்லி வோல்ட்தான், அதனால் வழியில் எதைக் கேட்டாலும் பிடித்துக்கொள்ளும். கேபினெட்டின் பின்புறம் இருக்கும் துளைகள் தாய்ப்பலகையிலேயே பதிந்தவை. பிரிப்பானை அங்கே மாற்றுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை காதுக்கு. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியில் வந்த நிற முறை இது, பெரும்பாலான மேசைக் கணினிகளில் இன்றும் மாறவில்லை. இளநீலத்தில் செருகிவிடாதீர்கள், அது வேறு கருவிகளிலிருந்து ஒலியை உள்ளே எடுக்கும் துளை.


நிலாமுற்றம் | சனி, பகல் 12.30

அப்படியானால் பிரிப்பானை மாற்றிப் பார்க்கலாமே? ஐம்பது, நூறு ரூபாய்தானே.


செம்புக்கம்பி | சனி, பகல் 1.05

இந்தக் கோளாறில் பிரிப்பானுக்குப் பங்கில்லை. கைப்பேசியில் பிரிப்பான் இல்லாமலே சடசடப்பு வந்துவிட்டது.

கம்பி அறுந்தால் காதில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும், அவ்வளவுதான். மைக்கில் மட்டும் ஏன் வெடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. ஹெட்செட்டில் இருப்பது எலெக்ட்ரெட் மைக். 1962ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய வகை. அந்தச் சிறு குப்பிக்குள் ஒரு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அது வேலை செய்யக் கணினி 2 அல்லது 3 வோல்ட் நேர்மின்னழுத்தம் அனுப்ப வேண்டும். அது போகும் அதே கம்பியில்தான் குரலும் திரும்பி வருகிறது. குரல் சில மில்லி வோல்ட். கம்பியின் இழைகள் ஒரு கணம் விட்டுச் சேர்ந்தால் ஆடுவது அந்த 2 வோல்ட். குரலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய அசைவு. அதனால்தான் மயிரிழை அளவு முறிவுக்கு அவ்வளவு பெரிய சத்தம்.

எந்த இடத்தில் முறிவு என்று கண்டுபிடிக்க: ஹெட்செட்டை மறுபடி கைப்பேசியில் செருகிப் பதிவை ஓடவிடுங்கள். பிளக் முனையிலிருந்து தொடங்கி, கம்பியை இரண்டு விரல் அகலம் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைக்கும் இடத்தை வாயால் சொல்லிக்கொண்டே வாருங்கள்: "பிளக் கழுத்து, நான்கு விரல் தள்ளி, நடுக்கம்பி, ஒலிப் பொத்தான், காது மூடிக்குக் கீழே." பிறகு பதிவைக் கேட்டால் இடத்தை உங்கள் குரலே காட்டிக் கொடுத்துவிடும்.


இணையவகுப்பு | சனி, மாலை 4.20

இதே இழையில் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். எனக்கும் சடசடப்புதான், ஆனால் மடிக்கணினி, கம்பியில்லா ஹெட்செட், யூஎஸ்பியில் சிறு செருகி. வகுப்பெடுக்கும்போது என் குரல் உடைந்து உடைந்து போகிறது என்று மாணவர்கள் சொல்கிறார்கள்.


அலைவரிசை | சனி, மாலை 5.00

உங்களுடையது வேறு வழக்கு. செருகியை எந்தத் துளையில் வைத்திருக்கிறீர்கள்? நீலத் துளை (யூஎஸ்பி 3.0) என்றால், அல்லது பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கிறது. இன்டெலே 2012ல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. பெரும்பாலான கம்பியில்லா ஹெட்செட்கள் பேசுவதும் அதே 2.4ல்தான். ஓர் அடி நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, செருகியை மடிக்கணினியிலிருந்து தள்ளி, ஹெட்செட்டைப் பார்த்தபடி வையுங்கள்.

அதிலும் போகவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, வகுப்பு நடக்கும்போதே கவனியுங்கள். எந்த டிரைவர் கணினியின் மையச் செயலியை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். வைஃபை, வரைகலை அட்டை, மின்கல மேலாண்மை ஆகியவற்றின் டிரைவர்கள் அடிக்கடி அதில் சிக்கும். யூஎஸ்பியில் ஒலி செல்லும் முறையில், தவறிய துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் வசதி கிடையாது. தாமதமாக வந்தது தொலைந்தது. அந்த ஓட்டைதான் சடசடப்பாகக் கேட்கிறது.


பனங்காடு | சனி, மாலை 5.45

லினக்ஸ் நண்பர்களுக்காக ஒன்று மட்டும். ஒலி தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ஒரு "டப்" கேட்டால், அது ஒலிச் சிப் தூங்கி விழிப்பது. கர்னலில் ஒலி டிரைவரின் மின்சேமிப்பைச் சுழியமாக வைத்தால் போய்விடும். நடுவில் சடசடத்தால் பைப்வயர் என்ற ஒலி மென்பொருளில் குவாண்டம் அளவை, அதாவது அது ஒரு தடவை கையாளும் ஒலித் துண்டின் அளவை, கூட்டிப் பாருங்கள்.


வாசிப்புமேசை | சனி, இரவு 8.30

பிரிப்பானைப் பின்புறத் துளைகளுக்கு மாற்றினேன். கீச்சொலி போய்விட்டது! மவுஸை எவ்வளவு உருட்டினாலும் இல்லை. பூஸ்ட் 30ல் இருந்தது, 10க்கு இறக்கி மைக்கை உதட்டோரத்துக்குக் கொண்டுவந்தேன். குரல் அளவு போதுமானதாகவே இருக்கிறது.

கம்பியை வளைத்துப் பார்த்ததில், பிளக் கழுத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொட்டவுடன் வெடிக்கிறது. மற்ற இடங்களில் அமைதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்புறம் செருகும்போது கேபினெட்டின் தகரம் விரலில் சுருக்கென்றது. வெகுநாளாகவே அப்படித்தான், குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தால் கூடுதலாகத் தெரியும். பதிவைக் கூர்ந்து கேட்டால் "உர்ர்" என்று மிக மெல்லிய ஒலியும் இருக்கிறது. தகரத்தைத் தொட்டால் அந்த ஒலி மாறுகிறது.


செம்புக்கம்பி | சனி, இரவு 8.50

அம்மா, சடசடப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. இன்றிரவு கணினியை நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

கணினியின் மின்வழங்கிக்குள், இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இருக்கும். அவை மின்சாரத்தின் இரு கம்பிகளையும் தகரக் கூட்டோடு இணைக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூடு முழுவதும் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளை உள்ளே ஏதாவது காப்பு அறுந்தால், ஃபியூஸ் போகவோ மின்முறிப்பான் விழவோ வழியில்லை. உங்கள் கையும் ஈரக்காலுமே பூமிக்கு வழியாகிவிடும்.

நாளை மின்பணியாளரை அழைத்து அந்த மூன்று முள் துளையில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் கம்பியே இருக்காது. கணினிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இருமுள் மாற்றி ஏதாவது போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் சுருக்கென்றால் மின்வழங்கியையே சந்தேகப்பட வேண்டும். அதை நீங்கள் திறக்கக் கூடாது.

அந்த "உர்ர்" இதோடு போய்விடும் என்று நம்புகிறேன். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அது கூடினால் அது வேறு காரணம். சதுர அலை தரும் இன்வெர்ட்டர்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. மின்தடை நேரத்தில் பதிவு செய்யாமலிருப்பதே அதற்கு வழி.


காதுவழி | சனி, இரவு 9.30

அம்மா, அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். பாடங்கள் நாலு நாள் தாமதமாக வந்தால் நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.


வாசிப்புமேசை | திங்கள், மாலை 5.10

மின்பணியாளர் வந்து பார்த்தார். அந்த அறையின் துளையில் எர்த் கம்பி பலகைக்குள்ளேயே இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்ததாம். இணைத்து, எர்த் அளவையும் சோதித்துவிட்டுப் போனார். தகரம் இப்போது சுருக்கென்பதில்லை, டெஸ்டரும் எரியவில்லை. "உர்ர்" ஒலியும் நின்றுவிட்டது. மாடி அறையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, தம்பி.

இப்போது மீதி இருப்பது அந்த இரண்டு விரல் இடம்தான். வெட்டிப் புது பிளக் வைக்க முடியும் என்றால், பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?


தறிநூல் | திங்கள், மாலை 6.00

இவ்வளவு சிரமம் எதற்கு? யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்கிவிடலாம். கேபினெட் இரைச்சல், பூஸ்ட், பிரிப்பான் எல்லாமே ஒரே அடியில் தீர்ந்துவிடும்.


அலைவரிசை | திங்கள், மாலை 6.40

யூஎஸ்பியில் ஒலி மாற்றி ஹெட்செட்டின் பக்கத்திலேயே இருக்கிறது, கேபினெட் இரைச்சல் நுழைய இடம் குறைவு. அது உண்மைதான். ஆனால் அதன் கம்பியும் கழுத்தில்தான் முறியும். இப்போதுள்ள மைக்கின் தரம் அம்மாவின் பதிவில் நன்றாகவே இருக்கிறது. முறிந்த இடமும் தெரிந்துவிட்டது. நல்ல மைக்கை இரண்டு விரல் கம்பிக்காகத் தூக்கிப் போட நான் சொல்ல மாட்டேன். பிற்பாடு பின்புறத் துளையிலும் இரைச்சல் வந்தால், யூஎஸ்பி ஒலிச் செருகி ஒன்றை வாங்கி இதே ஹெட்செட்டை அதில் பூட்டிக்கொள்ளலாம்.


செம்புக்கம்பி | திங்கள், இரவு 8.15

பழுது பார்ப்பவரிடம் இந்தப் பதிவையே காட்டுங்கள்.

நான்கு தொடர்புள்ள 3.5 மி.மீ. உலோக பிளக் வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும், மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் கேளுங்கள். முறிந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். முறிவுக்கு அருகில் செம்பு கறுத்திருக்கும், அதில் ஈயம் ஒட்டாது. வெட்டிய உடனே பிளக்கின் மூடியையும் சுருங்கு குழாயையும் கம்பியில் கோத்துவிட வேண்டும், பற்றவைத்த பிறகு அவை நுழையா.

உள்ளே இருக்கும் இழைகளின் நிறத்தை நம்பக் கூடாது, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளக்க வேண்டும். காது ஸ்பீக்கர் பல ஹெட்செட்களில் 32 ஓம் சுற்றி இருக்கும். எந்த ஓர் இழைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தலா 32 வருகிறதோ அதுவே பொது இழை. அந்த மற்ற இரண்டுக்கும் இடையே 64 வரும், அவை இடமும் வலமும். மிச்சம் இருப்பது மைக், அதன் அளவு இவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும். சில ஹெட்செட்களில் மைக்குக்குத் தனியாக ஒரு பொது இழை இருக்கும், இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிவிடலாம்.

இழைகளின் மேல் வண்ண வார்னிஷ் பூசியிருப்பார்கள், நடுவில் நைலான் நூலும் ஓடும். நூலை வெட்டிவிட்டு, பற்றவைக்கும் அயர்னின் சூடான முனையில் ஈயத்தோடு சில விநாடி பிடித்தால் வார்னிஷ் எரிந்து செம்பு வெளுக்கும். இதைச் செய்யாமல் ஒட்டினால் பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து மறுநாள் மறுபடி சடசடக்கும். கைப்பேசி வகை ஹெட்செட்டில் இன்று பரவலாக உள்ள சிடிஐஏ வரிசை இது: நுனி இடம், அடுத்த வளையம் வலம், மூன்றாவது பொது, கடைசி உருளை மைக். பழைய ஓஎம்டிபி முறையில் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருக்கும். அம்மாவின் ஹெட்செட் புதிய கைப்பேசிகளிலும் சரியாக வேலை செய்கிறது என்றால் சிடிஐஏதான்.

ஈயம் வைக்கும்போது பிளக்கை வேண்டாத ஒரு துளையில் செருகி வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகினாலும் வளையங்கள் இடம் பெயரா. ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்க வேண்டாம். கடைசியாகக் கம்பியின் வெளியுறையைப் பிளக்கின் உலோகக் கவ்வியால் இறுக்க வேண்டும். இழுவிசையை அந்தக் கவ்விதான் தாங்க வேண்டும், ஈயம் தாங்கக் கூடாது.


உப்பளம் | திங்கள், இரவு 9.00

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் கம்பி முறியாமலே சடசடக்கும். உப்புக் காற்றில் துளையின் தொடர்புகளே கறுத்துவிடுகின்றன. பிளக்கைச் செருகியபடி சுழற்றினால் சத்தம் வரும், அதுதான் அடையாளம். கணினியை அணைத்துவிட்டு, ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைப் பிளக்கில் தடவிச் செருகி, நாலைந்து முறை சுழற்றி எடுத்து, உலரவிட்டால் சரியாகும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும். பிறகு துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.


வாசிப்புமேசை | புதன், இரவு 7.45

பிளக் மாற்றியாகிவிட்டது. பழுது பார்ப்பவர் ஓம் கணக்கை ஒருமுறை படித்துவிட்டு, கடகடவென்று முடித்துவிட்டார். பொது இழை இரண்டு இருந்தன, நீங்கள் சொன்னபடியே சேர்த்துவிட்டார். ஒரு முழு அத்தியாயம் வாசித்தேன், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு சடசடப்பும் இல்லை. மாதிரி ஏற்றியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கோளாறு இருந்தபோது பதிந்த அத்தியாயங்கள் சில இருக்கின்றன. ஆடாசிட்டியில் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை முழுப் பதிவுக்கும் போட்டு அனுப்பிவிடலாமா?


இணையவகுப்பு | புதன், இரவு 8.10

நீட்டிப்புக் கம்பி போட்டதிலேயே என் பிரச்சினையும் தீர்ந்தது. அலைவரிசைக்கு நன்றி.


அலைவரிசை | புதன், இரவு 8.35

இரைச்சல் குறைப்பு ஒரே சீராக ஓடும் ஒலிக்கானது. நீங்கள் பேசாத சில விநாடியை மாதிரியாகக் கொடுத்து, கீச்சொலியையும் "உர்ர்" ஒலியையும் ஓரளவு குறைக்கலாம். 6 டெசிபல் அளவோடு நிறுத்துங்கள். சடசடப்புக்கு அது உதவாது. அதற்கு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, வெடித்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்பேர் என்பதை அழுத்த வேண்டும். ஒரு தடவைக்கு 128 மாதிரிகள்தான் ஏற்கும், ஏறத்தாழ மூன்று மில்லி விநாடி. தனித்தனியாக வந்த "டிக்" ஒலிகளுக்கு அது போதும். ஒரு சொல்லையே விழுங்கிய வெடிப்புக்குப் போதாது.


காதுவழி | புதன், இரவு 9.20

கேட்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன் அம்மா. இரைச்சல் குறைப்பைக் கூட்டிப் போட்ட பதிவுகள் எனக்கு வந்திருக்கின்றன. அடியில் இரைச்சல் இல்லை, உண்மைதான். ஆனால் சொல்லின் கடைசியில் மெலிதாக முடியும் மெய்யெழுத்துகள் கரைந்து போகின்றன. ஊர்ப்பெயரிலும் ஆள் பெயரிலும் ளகரமா லகரமா என்று பிரித்தறிய முடிவதில்லை. விடைத்தாளை எழுத்தர் எழுதுவார், நான் சொல்வதைத்தான் எழுதுவார். நான் தவறாகக் கேட்டிருந்தால் தவறாகத்தான் விடைத்தாளில் ஏறும். மெல்லிய கீச்சொலி எங்களுக்குப் பழகிவிடும், அதைத் தொடாமல் விட்டுவிட்டாலே போதும்.

நீங்கள் ஏற்றிய பழைய அத்தியாயங்களை நான் கேட்டுக் குறித்துக் கொடுக்கிறேன். ஆண்டு, பெயர், ஒப்பந்தத்தின் விதி இவற்றின் மேல் வெடிப்பு விழுந்த பத்திகளை மட்டும் மீண்டும் வாசித்தால் போதும். வாக்கிய நடுவிலிருந்து தொடங்காமல் பத்தியை முழுவதும் வாசித்து அனுப்புங்கள், பழைய குரலோடு ஒட்டும்போது மூச்சு அறுபடாது. மைக்கை இப்போதிருக்கும் அதே இடத்தில் வையுங்கள். மோனோவில், 44,100 ஹெர்ட்ஸில் பதியுங்கள், வேவ் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தைக் கேட்டு முடித்துவிட்டேன். 4.12, 11.37, 26.05 ஆகிய மூன்று இடங்கள்தான். மூன்றாவது இடத்தில் ஆண்டு எண் விழுங்கப்பட்டிருக்கிறது, அதை முதலில் அனுப்புங்கள்.


வாசிப்புமேசை | புதன், இரவு 9.50

மூன்று பத்திகளையும் வாசித்து ஏற்றிவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தின் குறிப்புகள் எப்போது கிடைத்தாலும் உடனே வாசித்து அனுப்புகிறேன், தம்பி.